ஒன்றரை ஷிஃப்ட் ஒரு ஷிஃப்ட் ஆகும்போது: திருப்பூரின் சரிவை அளப்பது எப்படி?

2022-23 நிதியாண்டு முடிந்தபோது, திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி 34,000 கோடி ரூபாயைத் தாண்டியதாகச் செய்தி வந்தது. அதற்கு முந்தைய ஆண்டின் தொகை ஏறத்தாழ 33,500 கோடி. இந்த இரண்டு எண்களை மட்டும் பார்ப்பவர், ஊர் மெதுவாக ஆனாலும் முன்னேறுகிறது என்று நினைப்பார். ஆனால் அந்த ஆண்டின் பின்பாதியைத் திருப்பூர் முன்னேற்றமாக நினைவில் வைத்திருக்கவில்லை. உக்ரைன் போருக்குப் பின் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விலைவாசி ஏறியது. அங்குள்ள கடைகளில் சரக்கு தேங்கியது, ஆர்டர்கள் சுருங்கின. பனியன் கம்பெனிகளில் வேலை குறைந்தது. அப்படியானால் ஏற்றுமதித் தொகை எப்படிக் கூடியது?

விடை டாலரிலும் பஞ்சிலும் இருக்கிறது. 2021-22இல் ஒரு டாலரின் ஆண்டுச் சராசரி மதிப்பு ஏறத்தாழ 74.50 ரூபாய், 2022-23இல் 80.40 ரூபாய். ஏற்றுமதித் தொகையை இவற்றால் வகுத்தால், 450 கோடி டாலராக இருந்தது 425 கோடியை ஒட்டி இறங்கியது தெரியும். அதாவது டாலர் கணக்கில் ஏறத்தாழ ஐந்து விழுக்காடு சரிவு. இதற்குமேல் பஞ்சு விலை. 356 கிலோ கொண்ட ஒரு கண்டி பஞ்சு 2022 மே மாதத்தில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. நூல் விலை ஏற ஏற அதே டி-ஷர்ட்டின் விலையும் ஏறியது. விலையேற்றத்தையும் கழித்துப் பார்த்தால், தைத்து அனுப்பிய உடுப்புகளின் எண்ணிக்கை டாலர் காட்டுவதைவிடக் கூடுதலாகவே குறைந்திருக்க வேண்டும். தையல் மெஷின் முன் உட்கார்ந்திருப்பவருக்கு வேலை தருவது உடுப்புகளின் எண்ணிக்கை. ரூபாயில் சொல்லும் ஏற்றுமதித் தொகையில் அது தெரிவதில்லை.

இப்படி நடப்பது இது முதல் தடவையல்ல. 2007இன் தொடக்கத்தில் 44 ரூபாயாக இருந்த டாலர், 2008இன் தொடக்கத்தில் 39 ரூபாய்க்குச் சற்று மேல் வந்து நின்றது. டாலரில் விலை பேசி ரூபாயில் கூலி கொடுக்கும் ஊருக்கு அதுவே பெரிய அடி. லேமன் பிரதர்ஸ் 2008 செப்டம்பரில் விழுவதற்கு ஓராண்டு முன்பே திருப்பூரின் மந்தம் தொடங்கிவிட்டது. வங்கிகளோடு அந்நியச் செலாவணி ஒப்பந்தங்கள் போட்டவர்கள் பலர் நஷ்டப்பட்டு நீதிமன்றம்வரை போனார்கள். பிறகு ரூபாய் எதிர்த்திசையில் திரும்பியது. 2009 மார்ச்சில் டாலர் 50 ரூபாயைத் தாண்டியிருந்தது. அதே டாலருக்குக் கால் பங்குக்கும் மேல் கூடுதல் ரூபாய் கிடைத்ததால், ஆர்டர் குறைந்தும் ரூபாய்த் தொகை பெரிதாக இறங்கவில்லை. ஊர் நலிந்த ஆண்டின் பேரேடு ஊர் நன்றாக இருப்பதாகச் சொன்னது.

ஒரு வட்டாரத்தின் பொருளாதாரம் சரியும்போது அதை எதைக் கொண்டு அறிவது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. திருப்பூரை எடுத்துக்கொள்ளக் காரணங்கள் உண்டு. ஒரே தொழிலை நம்பிய ஊர் இது. 2008, 2011, 2016-17, 2020, 2022-23, 2025 என்று இருபது ஆண்டுகளுக்குள் ஆறு அடிகளை வாங்கியிருக்கிறது. ஆறுக்கும் காரணம் வேறு வேறு. பலமுறை அரசுக்கும் வங்கிக்கும் செய்தி தாமதமாகவே போய்ச் சேர்ந்தது. என் கணிப்பு இது: இங்கே சரிவு முதலில் தெரிவது வேலை நேரத்திலும் பில் பணம் வந்து சேரும் நாட்களிலும்தான். வேலையின்மை விகிதத்திலும் ஏற்றுமதித் தொகையிலும் அது கடைசியாகத்தான் தெரிகிறது. நாமோ கடைசியாகத் தெரிவதை மட்டுமே அளந்துகொண்டிருக்கிறோம்.

திருப்பூரில் வேலையை ஷிஃப்ட் கணக்கில் பேசுவார்கள். எட்டு மணி நேரம் ஒரு ஷிஃப்ட். காலை எட்டரைக்குப் போய் இரவு எட்டரைவரை நின்றால் ஒன்றரை ஷிஃப்ட். சம்பளம் சனிக்கிழமை. வேலை நன்றாக ஓடும் காலத்தில் வாரம் ஆறு நாளும் ஒன்றரை ஷிஃப்ட், ஆக ஒன்பது ஷிஃப்ட். ஆர்டர் குறையத் தொடங்கியதும் முதலாளி யாரையும் உடனே வேலையைவிட்டு நிறுத்துவதில்லை. கை தேர்ந்த டெய்லரை இழந்தால் மறுபடி கிடைப்பது அரிது என்பது அவருக்குத் தெரியும். மாலை ஐந்தரைக்கு மெஷினை நிறுத்திவிடுவார். ஒன்பது ஷிஃப்ட் ஆறாகும். ஆள் எண்ணிக்கையில் ஒருவர்கூடக் குறையாமல், கூலி மூன்றில் ஒரு பங்கு போய்விடும். பிறகு திங்கட்கிழமை வேலை இல்லை என்பார்கள். ஆறு ஐந்தாகும். கூலி பழைய நிலையிலிருந்து ஏறத்தாழ 44 விழுக்காடு இறங்கியிருக்கும். அந்த வீட்டில் மளிகைக் கடன் ஏறியிருக்கும், பிள்ளையின் பள்ளிக் கட்டணம் தள்ளிப்போயிருக்கும். அப்போதும் புள்ளிவிவரத்தில் அவர் வேலையில் இருப்பவர்தான்.

பீஸ் ரேட்டில் தைப்பவர் நிலை இன்னும் மறைவானது. அவர் பன்னிரண்டு மணி நேரமும் கம்பெனிக்குள்தான் இருக்கிறார். ஆனால் கட்டிங்கிலிருந்து பண்டல் வருவதில்லை. காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி கிடையாது.

வேலை நேரம் வேலைவாய்ப்புக்கு முன்னால் அசையும் என்பது திருப்பூர் கண்டுபிடித்த உண்மை அல்ல. வெஸ்லி மிட்செல், ஆர்தர் பர்ன்ஸ் என்ற இரு பொருளியலாளர்கள் அமெரிக்கத் தேசியப் பொருளாதார ஆய்வகத்தில் 1930களிலும் 40களிலும் செய்த வேலை இதன் அடித்தளம். நூற்றுக்கணக்கான புள்ளிவிவரத் தொடர்களை எடுத்து, எவை மந்தத்துக்கு முன்னே போகின்றன, எவை கூடவே வருகின்றன, எவை பின்தங்குகின்றன என்று பிரித்தார்கள். இன்றும் அமெரிக்காவில் மாதந்தோறும் வெளியாகும் முன்னறிவிப்புக் குறியீட்டில் ஆலைத் தொழிலாளரின் சராசரி வார வேலை நேரம் ஓர் உறுப்பு. வேலையின்மை விகிதத்தைப் பொருளியலாளர்கள் முன்னே போகும் தொடராகக் கருதுவதில்லை. அது ஏறத் தொடங்கும்போது அடி விழுந்துவிட்டிருக்கும்.

நம்மிடம் உள்ள அதிகாரப்பூர்வக் கணக்குகளைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். மாவட்ட உள்நாட்டு உற்பத்தி ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் நீண்ட தாமதத்தோடு. ஆலைகளின் ஆண்டாய்வு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஆள் வைத்திருக்கும் பதிவு பெற்ற ஆலைகளை மட்டும் பார்க்கும். எட்டுத் தையல் மெஷின் போட்ட பவர் டேபிள் யூனிட் அதன் கண்ணில் படாது. ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பு 2013-14இல் நடந்தது. ஏழாவது நடந்தும் முடிவுகள் வெளியாகவில்லை. மக்கள்தொகைக் கணக்கு 2011உடன் நிற்கிறது. அன்று திருப்பூர் நகரத்திரளில் 9.6 லட்சம் பேர். இன்று எத்தனை பேர் என்பதற்கு 2027 கணக்கெடுப்புவரை காத்திருக்க வேண்டும். காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு 2025 முதல் மாத மதிப்பீடு தருகிறது, அது நல்ல மாற்றம். ஆனால் அந்த மாத மதிப்பீடு நாடு முழுவதற்குமானது. ஒரு மாவட்டத்தின் சரிவை அதில் தேட முடியாது.

தேடினாலும் திருப்பூரில் வேலையின்மை ஏறாமல் போகலாம். காரணம் எளியது: இங்கே வேலை இழப்பவர் இங்கே தங்குவதில்லை. ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர் தன்பாத் ரயிலோ பாட்னா ரயிலோ ஏறிவிடுவார். மதுரை, தேனி, சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்தவர் பேருந்து ஏறிவிடுவார். கம்பெனி விடுதியில் தங்கியிருந்த பெண் வீட்டுக்குப் போய்விடுவார். அங்கே அவரை யாரும் வேலை தேடுபவராக எண்ணப்போவதில்லை. கணக்கெடுப்பாளர் திருப்பூரில் கதவைத் தட்டும்போது அங்கு இருப்பவர்கள் வேலையில் இருப்பவர்கள் மட்டுமே. ஊர் தன் வேலையின்மையை வெளியூருக்கு ஏற்றுமதி செய்துவிடுகிறது. 2020-21இல் தேசிய ஊரக வேலைத் திட்டத்தில் நாடு முழுவதும் ஏறத்தாழ 389 கோடி மனித நாட்கள் வேலை நடந்தது. முந்தைய ஆண்டில் அது 265 கோடி. அந்தக் கூடுதலின் ஒரு பகுதி, திருப்பூர், சூரத் போன்ற ஊர்களின் சரிவு வேறு மாநிலக் கிராமங்களில் பதிவானதன் அடையாளம்.

அப்படியானால் ரயில் நிலையக் கூட்டத்தை எண்ணலாமே என்று தோன்றும். பத்திரிகைகள் அதைத்தான் படம் எடுத்துப் போடுகின்றன. ஆனால் கூட்டம் பல காரணத்தால் சேரும். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது பலர் கிளம்பிப் போனார்கள். அது ஹோலி சமயமும்கூட. ஆர்டர் குறைவு, வதந்தி, பண்டிகை மூன்றும் ஒரே நடைமேடையில் நின்றன. சட் பண்டிகை, பீகார்த் தேர்தல், நெல் அறுவடை எல்லாம் இதேபோல்தான். போகும் கூட்டத்தைவிடத் திரும்பி வராத கூட்டமே செய்தி. அதை எண்ணுவதற்குப் போன டிக்கெட்டையும் வந்த டிக்கெட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மின்சாரத்தைப் பற்றியும் இதேபோன்ற எச்சரிக்கை தேவை. வட்டாரப் பொருளாதாரத்தை அளப்பதில் உலகப் புகழ் பெற்ற உதாரணம் சீனாவின் லியாவோநிங் மாகாணம். அதன் கட்சிச் செயலாளராக இருந்த லீ கெச்சியாங், மாகாண உற்பத்திக் கணக்கைத் தான் நம்புவதில்லை என்றும், மின் நுகர்வு, ரயில் சரக்கு, வங்கிக் கடன் மூன்றையும் பார்ப்பதாகவும் 2007இல் அமெரிக்கத் தூதரிடம் சொன்னார். 2010இல் விக்கிலீக்ஸ் வழியே அது வெளியே வந்தது. பிற்பாடு அவர் சீனப் பிரதமரானார், அந்த மூன்றும் அவர் பெயரிலேயே ஒரு குறியீடாயின. ஆனால் லியாவோநிங் இரும்பும் கனரக இயந்திரமும் செய்யும் மாகாணம். அங்கே மின்சாரம் உற்பத்தியோடு ஒட்டி நடக்கும். தையல் மெஷினுக்கு வேண்டிய மின்சாரம் மிகக் குறைவு. கொங்கு வட்டாரத்தில் மின்சாரத்தைப் பெரிதும் எடுப்பவை நூற்பாலைகள், அவற்றில் பல திருப்பூர் மாவட்டத்துக்கு வெளியே இருக்கின்றன. 2008 முதல் 2013வரை தமிழ்நாட்டில் கடும் மின்வெட்டு இருந்தது. அந்த ஆண்டுகளின் மின் நுகர்வு குறைந்தால், ஆர்டர் இல்லாததாலா, கரண்ட் இல்லாததாலா என்று பிரிக்க முடியாது. ஆர்டர் இருந்தும் டீசல் ஜெனரேட்டரில் ஓட்டியவர்கள் கணக்கில் வரவே மாட்டார்கள். பிறகு காற்றாலையும் கூரைச் சூரியத் தகடும் வந்தன. செயற்கைக்கோள் எடுக்கும் இரவு வெளிச்சப் படங்களும் இத்தகையவையே. நாடுகளின் நீண்டகால வளர்ச்சியை அவை நன்றாகக் காட்டுவதாக ஹெண்டர்சன், ஸ்டோரிகார்டு, வெய்ல் மூவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு நிறுவியது. மாலை ஐந்தரைக்கு நிற்கும் மெஷினை அவை காட்டா. தெருவிளக்கு எப்போதும்போல எரிந்துகொண்டிருக்கும்.

திருப்பூருக்கென்று இயல்பாக அமைந்த ஓர் அளவுகோல் இருக்கிறது. அது சாயநீர்.

அதன் வரலாறு கசப்பானது. சாயப்பட்டறைக் கழிவு நொய்யலில் கலந்து, 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாயிற்று. கீழ்ப்பகுதி விவசாயிகள் நிலத்தையும் கிணற்றையும் இழந்து வழக்கு நடத்தினார்கள். 2011 ஜனவரி இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத முறையை நிறுவிய பிறகுதான் பட்டறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. இப்போது உறுப்புப் பட்டறைகளிலிருந்து குழாய் வழியே கழிவுநீர் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போகிறது. அப்படி 18 நிலையங்கள் இருக்கின்றன. எத்தனை லிட்டர் அனுப்பினார் என்பதை வைத்தே பட்டறைக்காரருக்குப் பில். ஆகவே ஒவ்வொரு வாயிலிலும் மீட்டர் உண்டு. அந்த அளவுகள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் போய்ச் சேர வேண்டும்.

இதன் பொருளாதார மதிப்பை யோசித்துப் பாருங்கள். வட்டப் பின்னல் மெஷினிலிருந்து வரும் துணியில் பெரும்பகுதி சாயத்தொட்டியைக் கடந்தே கட்டிங் மேசைக்குப் போக வேண்டும். சாயம் ஏற்றிய துணி உடுப்பாகிக் கப்பல் ஏறச் சில வாரங்கள் ஆகும். ஆகவே சாயநீரின் அளவு இன்றைய உற்பத்தியையும் சில வாரங்களுக்குப் பிந்தைய ஏற்றுமதியையும் ஒருசேரச் சொல்லும். அது லிட்டரில் இருக்கிறது. டாலரும் பஞ்சு விலையும் அதைத் தொடுவதில்லை. சின்னக் கம்பெனி, பெரிய கம்பெனி, ஏற்றுமதி, உள்நாட்டு பனியன் எல்லாமே பெரும்பாலும் அதில் அடக்கம். கணக்கு எழுதாத ஜாப் ஒர்க்காரர் தைக்கும் துணிகூட எங்கோ சாயம் ஏறித்தான் வந்திருக்கும். நாள்தோறும் அளக்கப்படுகிறது. நீதிமன்றமும் விவசாயிகளும் ஆற்றைக் காக்கப் போராடிப் பெற்ற மீட்டர், ஊரின் தொழிலையும் அளந்துகொண்டிருக்கிறது. இந்தியாவில் வேறெந்தத் தொழில் ஊருக்கும் இவ்வளவு கூர்மையான தினசரி அளவு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அதைப் பொருளாதாரக் கண்ணோடு பார்த்து மாதந்தோறும் வெளியிடுபவர் யாருமில்லை.

குறைகளும் உண்டு, அவற்றை மறைத்தால் அளவு கெட்டுவிடும். 2011இல் சாயநீர் ஏறத்தாழப் பூஜ்யமானபோது ஏற்றுமதி பூஜ்யமாகவில்லை. துணி லூதியானாவுக்கும் அகமதாபாத்துக்கும் லாரியில் போய்ச் சாயம் ஏறி வந்தது. இன்றும் பெருந்துறையில் சாயம் ஏற்றி வருவது உண்டு. புதிய சாய இயந்திரங்கள் ஒரு கிலோ துணிக்குப் பழையவற்றைவிட மிகக் குறைந்த நீரே எடுக்கின்றன. எனவே பத்தாண்டு ஒப்பீடு பொய் சொல்லும், ஈராண்டு ஒப்பீடு சொல்லாது. பண்டிகைக் கணக்கு இன்னொன்று. தீபாவளி 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. ஊருக்குப் போனவர்கள் திரும்பிவர இரண்டு வாரமாகும் ஊரில், இந்தப் பதினோரு நாள் நகர்வு ஒரு மாதக் கணக்கையே புரட்டிவிடும். 2025 அக்டோபரை 2024 அக்டோபரோடு ஒப்பிட்டு, குறைந்ததையெல்லாம் அமெரிக்க வரியின் தலையில் போட்டவர்கள் பாதி உண்மையைத்தான் சொன்னார்கள். தீபாவளிக்கு முந்தைய ஆறு வாரத்தை முந்தைய தீபாவளிக்கு முந்தைய ஆறு வாரத்தோடு ஒப்பிடுவதே சரி.

அந்த 2025 வரியையே எடுத்துக்கொள்வோம். ஆகஸ்ட் 7 முதல் 25 விழுக்காடு, ஆகஸ்ட் 27 முதல் 50 விழுக்காடு என்று அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீது கூடுதல் வரி போட்டது. திருப்பூரின் ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அப்போது அமெரிக்காவுக்குப் போனது. வரி ஏறும் நாளுக்கு முன் சரக்கைக் கரை சேர்த்துவிட வேண்டும் என்று எல்லோரும் அவசர அவசரமாக அனுப்பினார்கள். ஆகவே அந்தச் சில மாதங்களின் ஏற்றுமதித் தொகை கூடியது. அதே வாரங்களில்தான் அடுத்த சீசனுக்கான ஆர்டர்கள் நின்றன, தள்ளுபடி கேட்டு மின்னஞ்சல்கள் வந்தன. சுங்கத் துறையின் எண் ஏறிய மாதமே ஆர்டர் புத்தகம் காலியான மாதம். சராசரியும் இங்கே ஏமாற்றும். ஐரோப்பிய வாடிக்கையாளரை நம்பிய கம்பெனி முழு ஷிஃப்ட் ஓட, பக்கத்துச் சந்தில் அமெரிக்க ஆர்டர் மட்டுமே எடுக்கும் கம்பெனி பாதி நாள் பூட்டிக் கிடக்கலாம். இரண்டையும் கூட்டி வகுத்தால் ஊர் சுமார் என்று விடை வரும், அந்தச் சுமார் நிலையில் ஒரு கம்பெனியும் இருக்காது. எந்தச் சந்தை, எந்த அளவு கம்பெனி என்று பிரிக்காத எண் கொள்கைக்கு உதவாது.

வேலை நேரத்துக்கு அடுத்து, பணம் வந்து சேரும் நாட்கள். திருப்பூரின் உற்பத்தி நீண்ட சங்கிலி. நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, தையல், செக்கிங், அயர்னிங் என்று ஒவ்வொன்றையும் தனித்தனி ஜாப் ஒர்க் யூனிட் செய்யலாம். வெளிநாட்டு வாங்குநர் 60 நாளில் தந்த பணத்தை 120 நாளில் தருவேன் என்கிறபோது, ஏற்றுமதியாளர் அந்தத் தாமதத்தைக் கீழே தள்ளுகிறார். அவர் டையிங்காரரை நிறுத்திவைக்கிறார், டையிங்காரர் விறகுக்காரரையும் கெமிக்கல்காரரையும். கடைசியில் இருப்பவர் நான்கு மெஷின் போட்ட காண்ட்ராக்டர். சனிக்கிழமை சம்பளத்தைத் தள்ளிப்போட அவரால் முடியாது, ஆகவே வட்டிக்கு வாங்குகிறார். ஆர்டர் குறைவதற்கு முன்பே, வேலை முழு வேகத்தில் ஓடும்போதே, இந்த நாட்கள் நீளத் தொடங்கும். சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தராவிட்டால் அந்தச் செலவை அந்த ஆண்டு வருமான வரியில் கழிக்க முடியாது என்ற விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் சராசரியாக எத்தனை நாளில் பணம் வருகிறது என்பதை மாவட்ட அளவில் எவரும் சொல்வதில்லை. ஜிஎஸ்டி விலைப்பட்டியல் தேதியும் வங்கி வரவுத் தேதியும் இரண்டு அலுவலகங்களில் தனித்தனியே கிடக்கின்றன.

வங்கிக் கடன் கணக்கு அப்படியல்ல. ரிசர்வ் வங்கி மாவட்டவாரியாகக் காலாண்டுதோறும் வெளியிடுகிறது. எளிதில் கிடைப்பதாலேயே பலரும் அதைப் பிடித்துக்கொள்கிறார்கள். சரிவின்போது அதைவிடத் தவறான வழிகாட்டி இல்லை. 2020இல் மார்ச் முதல் ஆகஸ்ட்வரை தவணை ஒத்திவைப்பு இருந்தது. மே மாதத்தில் அரசு உத்தரவாதத்துடன் அவசரக் கடன் திட்டம் வந்தது, நிலுவையில் 20 விழுக்காடுவரை கூடுதல் கடன். இரண்டும் பல கம்பெனிகளைக் காப்பாற்றின, அதில் சந்தேகமில்லை. ஆனால் புள்ளிவிவரத்தில் கடன் வளர்ந்தது, வாராக்கடன் ஏறவில்லை. நோய் முற்றிய காலத்தில் அறிக்கை ஆரோக்கியம் என்றது. வங்கிக்குள்ளேயே இதைவிட நல்ல எண் இருக்கிறது: தவணை 30, 60, 90 நாள் தவறும் கணக்குகளைத் தனித்தனியே குறித்து வைக்கிறார்கள். முதல் வகையில், அதாவது முப்பது நாளுக்குள் தடுமாறும் சிறு கணக்குகளில், சட்டென்று ஏற்றம் தெரிந்தால் அதுவே எச்சரிக்கை மணி. மாவட்ட வங்கியாளர் குழுக் கூட்டத்தில் அது பேசப்பட வேண்டும், பொதுவெளிக்கும் வர வேண்டும்.

எண்களோடு நிற்கக் கூடாது, ஆட்களைக் கேட்கவும் வேண்டும். அமெரிக்க மத்திய வங்கி நாட்டைப் பன்னிரண்டு வட்டாரமாகப் பிரித்து, ஆண்டுக்கு எட்டு முறை, அங்கங்கே தொழில் செய்பவர்களிடம் கேட்டு எழுதிய அறிக்கையை வெளியிடுகிறது. அதில் அட்டவணைகளைவிட வாக்கியங்களே அதிகம். ஒரு மாவட்டத்தில் இதைச் செய்யப் பெருஞ்செலவில்லை. இருநூறு யூனிட்டுகளுக்கு மாதம் ஒருமுறை போன் போட்டு, போன மாதத்தைவிட ஷிஃப்ட் கூடுதலா, குறைவா, அதேயா என்று கேட்டால் போதும். கூடியது என்றவரின் விழுக்காட்டோடு அதே என்றவரில் பாதியைச் சேர்த்தால் ஒரு குறியீடு கிடைக்கும், 50க்குக் கீழே போனால் சரிவு. காதர்பேட்டைச் சந்தையில் ரத்தான ஏற்றுமதி ஆர்டர்களின் சரக்கு எவ்வளவு மலிவாக வந்து குவிகிறது, கட்டிங் வேஸ்ட் என்ன விலைக்குப் போகிறது, வாடகை வீடுகளில் எத்தனை காலி என்பதையும் விசாரிக்கலாம். அமெரிக்க மத்திய வங்கியின் முன்னாள் தலைவர் ஆலன் கிரீன்ஸ்பான் ஆண்களின் உள்ளாடை விற்பனையைக் கவனிப்பாராம். மற்ற காலத்தில் அசையாத அந்த விற்பனை இறங்கினால், குடும்பங்கள் மிகவும் நெருக்கடியில் இருப்பதாகப் பொருள் என்பது அவர் கருத்து. உள்நாட்டுச் சந்தைக்கு ஜட்டியும் பனியனும் செய்யும் திருப்பூர் யூனிட்டுகளைக் கேட்டால், இந்தியக் குடும்பங்களின் நிலையையும் அவர்களால் சொல்ல முடியும்.

எல்லை பற்றி ஒன்று. 2009இல் உருவான மாவட்டக் கோடு வருவாய் நிர்வாகத்துக்கானது. பொருளாதாரம் அவிநாசியில் தொடங்கி தாராபுரம், காங்கேயம் கடந்து, ஆள் கிடைக்கும் இடம் தேடி வேடசந்தூர், மதுரைப் பக்கம்வரை பரவியிருக்கிறது. நகரில் மெஷின் குறைந்தது என்றால் அது இடமாற்றமாகவும் இருக்கலாம். ஆகவே பக்கத்து மாவட்டங்களையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

இவற்றை ஒரே தாளில் கொண்டுவர முடியும் என்பதற்கு முன்மாதிரி உண்டு. பிலடெல்பியா மத்திய வங்கி 2005 முதல் அமெரிக்காவின் 50 மாநிலங்களுக்கும் மாதக் குறியீடு வெளியிடுகிறது. அதற்கு அது எடுத்துக்கொள்வது நான்கே தொடர்கள்: வேலையில் இருப்பவர் எண்ணிக்கை, ஆலைகளில் சராசரி வேலை நேரம், வேலையின்மை விகிதம், விலைவாசி கழித்த சம்பளத் தொகை. நான்கும் சேர்ந்து எந்தப் பக்கம் அசைகின்றன என்பதைப் பிரித்தெடுக்கிறார்கள். திருப்பூருக்கு நான் வைப்பது வேறு நான்கு: சாயநீர் அளவு, தொழிலாளி ஒருவருக்குச் சராசரி ஷிஃப்ட், பில் பணம் வரும் நாட்கள், மாவட்டக் குறியீட்டோடு பதிவாகும் ஏற்றுமதியில் உடுப்புகளின் எண்ணிக்கை. கடைசியது இப்போது சாத்தியம். ஏற்றுமதிப் பட்டியலில் சரக்கு உருவான மாவட்டத்தைக் குறிப்பிட வேண்டும் என்ற விதி 2020 பிப்ரவரியில் வந்துவிட்டது.

ஷிஃப்ட் கணக்கும் ஓரளவு ஏற்கெனவே இருக்கிறது. இஎஸ்ஐக்கு ஒவ்வொரு கம்பெனியும் மாதந்தோறும் அனுப்பும் விவரத்தில் தொழிலாளி எத்தனை நாள் வேலை செய்தார், எவ்வளவு சம்பளம் என்ற இரண்டும் உண்டு. வருங்கால வைப்பு நிதி விவரத்தில் சம்பளம் இல்லாத நாட்களுக்கென்று தனிப் பத்தியே இருக்கிறது. இந்த நிறுவனங்கள் மாதந்தோறும் வெளியிடுவது புதிதாகச் சேர்ந்தவர் எண்ணிக்கையை. அதைவிட முக்கியமானது, பழைய தொழிலாளி போன மாதம் 26 நாள் வேலை செய்தவர் இந்த மாதம் 19 நாள்தான் செய்தாரா என்பது. பத்துப் பேருக்குக் குறைந்த யூனிட் இதில் வராது, எழுதாத ஓவர்டைமும் வராது. அந்த ஓட்டையைப் போன் விசாரணையால் அடைக்கலாம். குறியீட்டைச் செய்தபின் பழைய அடிகள்மீது வைத்துச் சோதிக்க வேண்டும். 2020 ஊரடங்கை எந்தக் குறியீடும் காட்டிவிடும். 2022இன் பின்பாதியை ரூபாய்க் கணக்குக்கு முன்னால் காட்டுகிறதா என்பதே தேர்வு.

கம்பெனிக்காரர்கள் ஒரு மறுப்புச் சொல்வார்கள். ஊர் நலிந்திருப்பது தெரிந்தால் வெளிநாட்டு வாங்குநர் விலையைக் குறைக்கப் பேரம் பேசுவார் என்பார்கள். அந்தப் பயம் நியாயமானது, ஆனால் காலம் கடந்தது. ஆர்டர் கொடுப்பவரே வாங்குநர்தான். எந்த ஊரில் எத்தனை மெஷின் சும்மா இருக்கிறது என்பது டாக்காவிலும் ஹோ சி மின் நகரிலும் அலுவலகம் வைத்திருக்கும் அவருக்கு முன்பே தெரியும். தெரியாமல் இருப்பவர்கள் நம் மாவட்ட நிர்வாகமும், வங்கி மேலாளரும், கூலி ஒப்பந்தம் பேசும் தொழிற்சங்கமும், எட்டு மெஷின் போடக் கடன் வாங்கப்போகிறவரும்தான்.

தமிழ்நாடு அரசுக்கும் திருப்பூரின் தொழில் அமைப்புகளுக்கும் என் வேண்டுகோள் ஒன்று. முழுக் குறியீடு உருவாக ஓராண்டு ஆகலாம். சாயநீருக்கு அந்தக் காத்திருப்பு வேண்டாம். 18 நிலையங்களின் தினசரி வரத்தைக் கூட்டி, பட்டறைகளின் பெயர் இல்லாமல், மாதத்தின் ஐந்தாம் தேதியன்று மாவட்ட இணையதளத்தில் போடுங்கள். புதிய சட்டம் எதுவும் இதற்குத் தேவையில்லை, புதிய மீட்டரும் தேவையில்லை. அடுத்த மாதமே தொடங்கலாம்.